பத்து வாசகர்கள் தேவை

மயில்சாமி திட்டியிருந்தால்கூட அனுசுயாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கத்துகிற ஆளிடம் நாமும் நாலு வார்த்தை கத்தலாம். மேசையைத் தட்டுகிற ஆளிடம் நாமும் ஒரு தட்டுத் தட்டலாம். மாவட்ட நூலக ஆபீசிலிருந்து விசாரிக்க வந்த இந்த மனிதரோ வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பைத் தானே கொண்டுபோய் மூலையில் வைத்தார். வாக்கியத்துக்கு இரண்டு ‘ங்க’ போட்டுப் பேசினார். அப்படிப் பேசிக்கொண்டே அவளுடைய பதினோரு வருஷத்தை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டார்.

“ஏனுங்க அம்மிணி, நாஞ்சொல்றதைத் தப்பா எடுத்துக்கப்படாதுங்க. இந்த ரிஜிஸ்டர் பிரகாரம் உங்க லைப்ரரிக்கு ஒரே ஒரு வாசகருங்க. அது நீங்கதானுங்க.”

அனுசுயா வீரபாண்டிப் பகுதி நேர நூலகத்தின் நூலகர். ஊர்தான் அவளை நூலகர் என்று சொல்லும். காகிதத்தில் அவள் தினக்கூலிப் பணியாளர். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்து, ஆறு வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்து, பஞ்சுத்தூசு ஒத்துக்கொள்ளாமல் இருமி இருமி ஓய்ந்துபோய், பிளஸ் டூ முடித்தவள் என்ற ஒரே தகுதியில் இந்த வேலையில் உட்கார்ந்தவள். உட்கார்ந்தவள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. கூட்டுவது, துடைப்பது, கிழிந்த அட்டையை ஒட்டுவது, மழைக்காலத்தில் ஒழுகுகிற இடத்துக்குக் கீழே வாளி வைப்பது எல்லாம் அவள்தான். பழைய பால் சொசைட்டிக் கட்டடம் அது. ஒரு ஹால், மூன்று ஜன்னல், பதினான்கு பீரோ, அவ்வளவுதான் நூலகம்.

மூன்று மாதத்துக்கு முன்னால் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் பகுதி நேர நூலகமாக இருந்தாலும் பயிற்சி பெற்றுப் பதிவு செய்துகொண்ட நூலகர்தான் நடத்த வேண்டும். ஏற்கெனவே தினக்கூலியில் இருப்பவர்களுக்கு ஒரு வழி விட்டிருந்தார்கள். நூலகர் சான்றிதழ்ப் படிப்பில் தேறியிருக்க வேண்டும்; கூடவே, வாசகர்கள் வந்துபோகிற ஒரு நூலகத்தில் ஐந்து வருஷம் வேலை பார்த்ததை நிரூபிக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் அவர்களைப் பதிவு செய்து, நூலகத்தையும் முழு நேரமாக்கிவிடுவார்கள். இல்லையென்றால் பக்கத்திலிருக்கிற கிளை நூலகத்தோடு இதை இணைத்துவிடுவார்கள். பக்கம் என்பது அவர்கள் பாஷையில்தான் பக்கம். பஸ் மாறிப் போக வேண்டும். கம்பெனி விட்டு ஒரு பொம்பளை அங்கே போய்ச் சேர்வதற்குள் அந்த நூலகத்தில் லைட்டை அணைத்திருப்பார்கள்.

சுற்றறிக்கையைப் படித்த அன்று அனுசுயா சந்தோஷப்பட்டாள் என்பதுதான் இதில் பெரிய வயிற்றெரிச்சல். அவளிடம் சான்றிதழ் இருந்தது. வாரம் முழுக்க வேலை, கிடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும் விடியற்காலையில் எழுந்து கோயமுத்தூருக்கு பஸ் ஏறி, வகுப்பில் உட்கார்ந்து, பகுப்பு எண், அட்டவணை, இருப்புப் பதிவேடு என்று தலையால் தண்ணீர் குடித்துப் படித்து, முதல் வகுப்பில் தேறியவள் அவள். அந்த ஒரு வருஷமும் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் அவள் வீட்டுக்காரன் குருசாமியினுடையது. ஒரு வருஷம் முழுக்க ஒரே தக்காளிச் சோறு. அதைச் சாப்பிட்டுப் பாஸ் ஆனதற்கே தனியாக ஒரு சான்றிதழ் கொடுக்கலாம்.

அப்படி வாங்கிய சான்றிதழைத்தான் மயில்சாமி சரிபார்த்து, “அருமைங்க, ஃபர்ஸ்ட் கிளாஸுங்க” என்று பாராட்டிவிட்டு ஓரமாக வைத்தார். அதற்குப் பிறகுதான் இரவல் பதிவேட்டைத் திறந்தார்.

“அஞ்சு வருசத்துல ஏழாயிரத்து இருநூத்திப் பதினாலு புக்கு வெளிய போயிருக்குதுங்க. பெரிய லைப்ரரில கூட இத்தனை போறதில்லீங்க. ஆனா மெம்பர் பேரைப் பாருங்க. அனுசுயா, அனுசுயா, அனுசுயா. ஒரு நாளைக்கு நாலு புக்கு ஆகுதுங்க. நானெல்லாம் லைப்ரரி சயின்ஸ்ல பெரிய படிப்புப் படிச்சவனுங்க. வருசத்துக்கு நாலு புக்கு முடிச்சாப் பெரிய விசயமுங்க.”

கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டுத்தான் சொன்னார். அதுதான் அனுசுயாவுக்கு மூக்குக்கு மேல் கோபத்தை வரவழைத்தது.

“சார், அத்தனையும் நான் படிச்சது இல்ல சார். கம்பெனிப் பொம்பளைக எடுத்துட்டுப் போனது. அவுகளுக்குக் கார்டு போட முடியாது சார். எம் பேர்ல எழுதி நாந்தான் குடுத்தேன்.”

ஏன் கார்டு போட முடியாது என்று அவருக்கும் தெரியும். உறுப்பினராக வேண்டுமென்றால் இந்த ஊர் விலாசத்தில் ஓர் அத்தாட்சி வேண்டும். இல்லையென்றால் சொந்த வீடு வைத்திருக்கிற ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். லைன் வீட்டில் குடியிருக்கிறவர்களுக்கு ரேஷன் கார்டு கமுதியில் இருக்கும், சாயல்குடியில் இருக்கும். இந்திக்காரப் பிள்ளைகளுக்கு அது இன்னும் தூரத்தில் இருக்கும். வீட்டு ஓனரிடம் போய் ஜாமீன் கேட்டால், வாடகைக்கு வைத்திருப்பதே பெரிது, இதில் புத்தகத்துக்கு வேறு கையெழுத்தா என்பார். வேலையில் சேர்ந்த முதல் மாதம் அனுசுயாவும் விதியை விதியென்றே நினைத்திருந்தாள். எதிர்க் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிற ராமாயி என்ற பெண் வந்து ஒரு கதைப் புத்தகம் கேட்டபோது, அத்தாட்சி இல்லை என்று திருப்பி அனுப்பினாள். ராமாயி சண்டை போடவில்லை. மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் டீ நேரத்தில் வந்து, நிமிர்ந்து நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, அதே புத்தகத்தை நின்றபடி மூன்று மூன்று பக்கமாகப் படித்துவிட்டு ஓடினாள். நாலாவது நாள் அனுசுயாவுக்குப் பொறுக்கவில்லை. பதிவேட்டில் தன் பெயரை எழுதி, புத்தகத்தை அவள் கையில் திணித்து, “போடி, போய் உக்காந்து படி” என்றாள்.

ராமாயி வழியாக ஒரு லைன் வீடு வந்தது, அந்த லைன் வழியாக ஒரு கம்பெனி வந்தது. இன்றைக்கு நூற்றுக்கு மேல் ஆட்கள் இருப்பார்கள். யார் எதை வைத்திருக்கிறார்கள் என்பது அனுசுயாவின் மண்டையில்தான் இருந்தது. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. விதியை மீறுகிறவள் அதற்கு ஒரு நோட்டும் போட்டு வைப்பாளா? பதினோரு வருஷத்தில் தொலைந்தது நாலே நாலு புத்தகம்.

மயில்சாமி எழுந்து பீரோக்களைச் சுற்றிப் பார்த்தார். ஒரு புத்தகத்தை உருவினார். முதுகில் பகுப்பு எண் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே சட்டைக் காலரில் தைக்கிற சின்னத் துணி லேபிள் ஒன்று. அதில் எக்ஸெல் என்று இருந்தது.

“இது என்னங்க?”

“சைஸ் சார். எஸ்ஸுன்னா ஒரு டீ பிரேக்ல முடிஞ்சிரும். எம்முன்னா ஒரு சாப்பாட்டு நேரம். எல்லுன்னா ஒரு வாரம். எக்ஸெல் தீபாவளி லீவுக்கு. அவுக அப்படித்தான் கேப்பாக சார். ‘அக்கா, ஒரு எம் குடு’ம்பாக.”

மயில்சாமியின் முகம் மலர்ந்துவிட்டது. “இதை எந்தப் புஸ்தகத்துலயும் போடலீங்களே!” என்று அந்த லேபிளைத் தடவித் தடவிப் பார்த்தார். அனுசுயாவுக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது. அவர் திரும்பி வந்து உட்கார்ந்து, படிவத்தைப் பார்த்து, பேனாவைக் கையில் எடுத்து, வருத்தமாக உதட்டைப் பிதுக்கினார்.

“இதை எழுதறதுக்கு இந்தப் பாரத்துல கட்டம், காலம் எதுவும் இல்லீங்க அம்மிணி.”

“காலம் இல்லைன்னா ஒரு கோடு போட்டுக்க வேண்டியதுதான சார்?”

“அப்படிப் போட முடியாதுங்க.”

போனை எடுத்து வாட்ஸப்பைக் காட்டினாள். ‘அக்கா அந்தப் பேய்க் கதை வந்துருச்சா’ என்று ஒருத்தி, ‘ரெண்டாம் பாகம் யார்ட்ட இருக்கு’ என்று இன்னொருத்தி. அவர் பொறுமையாக எல்லாவற்றையும் வாசித்தார். ஒரு செய்திக்குச் சிரிக்கவும் செய்தார். பிறகு வாட்ஸப்புக்கும் காலம் இல்லை என்றார். அனுசுயாவுக்கு அந்தப் படிவத்தைப் பிடுங்கி நாலாகக் கிழித்தால் என்ன என்று இருந்தது. இத்தனை காலம் போட்டவன் ஒரு மனுஷிக்கு ஒரு காலம் போட மாட்டானா?

ஆனால் மயில்சாமி கெட்டவர் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுற்றறிக்கையின் இணைப்புகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கடைசிக்கு முந்தின பக்கத்தில் விரலை வைத்தார்.

“இருங்க, இருங்க. ஒரு வழி இருக்குதுங்க. பதிவேட்டுல குறை இருந்தா, குறைஞ்சது பத்து வாசகருங்க நேருல வந்து, இந்த லைப்ரரில புக்கு எடுத்துப் படிச்சோம்னு வாக்குமூலம் குடுத்தா ஏத்துக்கலாமுங்க. கார்டு இல்லாமக் குடுத்ததுக்கு உங்களுக்கு ஒரு எச்சரிக்கை மெமோ வரும், அவ்வளவுதானுங்க. அனுபவம் செல்லுமுங்க. ரிப்போர்ட்டுக்கு இன்னைக்குத்தான் கடைசி நாளு. பத்துப் பேரு வருவாங்களா?”

“பத்தா? நூறு பேர் வருவாக சார்!”

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மணி பத்தரை. பதினொரு மணிக்கு எதிர்க் கம்பெனியில் டீ பிரேக். கேட்டைத் திறந்தால் ரோட்டைத் தாண்டி நூலகம். போனை எடுத்து ராமாயிக்கு அழைத்தாள். கம்பெனிக்குள் போனில் பேச விட மாட்டார்கள், பாத்ரூமுக்குப் போகிற சாக்கில் கேட்டுக்கொள்வாள் என்பதால் வாய்ஸ் மெசேஜ் போடப் பொத்தானை அமுக்கினாள்.

“ராமாயி, லைப்ரரிக்கு ஆபீசர் விசாரிக்க வந்துருக்காரு. டீ டைமுக்குப் பத்துப் பேரக் கூட்டிட்டு வா. வந்து நீங்க என்ன சொல்லணும்னா…”

“அம்மிணி, அம்மிணி!” மயில்சாமி கையை நீட்டித் தடுத்தார். “என்ன சொல்லணும்னு சொல்லப்படாதுங்க. சொல்லிக் குடுத்து வாங்குன வாக்குமூலம் செல்லாதுன்னு கீழயே போட்ருக்குதுங்க. அவங்களா வந்து, அவங்களா சொல்லணுமுங்க. அப்புறம் நாங் கேக்கும்போது நீங்க உள்ளாற இருக்கக்கூடாதுங்க. உங்க நல்லதுக்குத்தானுங்க சொல்றேன்.”

சரி, போகட்டும் என்று அதோடு நிறுத்தி அனுப்பினாள். என்ன கெட்டுவிடப்போகிறது? படித்தவர்கள் வந்து படித்தோம் என்று சொல்லப்போகிறார்கள். இதற்குச் சொல்லிக் கொடுக்க வேறு வேண்டுமா?

பதினொன்றுக்கு ஹாரன் அடித்தது. இரண்டே நிமிஷத்தில் பத்துப் பேர் வந்துவிட்டார்கள். தலையிலும் தோளிலும் பஞ்சுத்தூசு. முன்னால் ராமாயி, கையில் ஒரு பெரிய கட்டைப்பை. அனுசுயாவைப் பார்த்து ஒரு கண்ணசைப்பு. நாங்க இருக்கோம், கவலைப்படாதே என்கிற மாதிரி. அனுசுயாவுக்குத் தெம்பு வந்தது. மயில்சாமி எழுந்து நின்று எல்லாருக்கும் கும்பிடு போட்டு, “வாங்க, வாங்க, உக்காருங்க” என்றார். அனுசுயா வெளியே வந்து ஜன்னலோரம் நின்றுகொண்டாள்.

“ஏனுங்க, நீங்கல்லாம் இந்த லைப்ரரில புக்கு எடுத்துட்டுப் போயிப் படிக்கறதுண்டுங்களா?”

ராமாயி கொஞ்சமும் தயங்கவில்லை. “இல்லீங்க சார். நாங்க எதுவும் எடுக்கலீங்க சார்” என்றாள், திருப்பூருக்கு வந்த பிறகு கற்றுக்கொண்ட பவ்யத்தோடு.

“இல்லீங்களா?”

“இல்லீங்க சார்,” என்றார்கள் மற்ற ஒன்பது பேரும் சேர்ந்து.

அனுசுயா ஜன்னலை இன்னும் நெருங்கிப் போனாள். அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். அந்தப் பதில் அவளுக்குத் தெரியும். செக்கிங்கில் இருந்த ஆறு வருஷமும் அவளே எத்தனை தடவை அந்தப் பதிலைச் சொல்லியிருக்கிறாள்! வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிற பையர்கள் கம்பெனியைச் சோதிக்க ஆடிட் வருகிறார்கள் என்றால் முதல் நாள் சாயங்காலமே கம்பெனியில் எல்லாரையும் நிற்க வைத்துப் பாடம் நடத்துவார்கள். ஓவர்டைம் உண்டா என்று கேட்டால் இல்லீங்க சார். ஞாயிற்றுக்கிழமை வேலை உண்டா என்றால் இல்லீங்க சார். திட்டுவார்களா என்றால் இல்லீங்க சார். எவர் வந்து எதை விசாரித்தாலும் இல்லை என்று சொன்னால் எல்லாருக்கும் நல்லது. ஆமாம் என்று ஒருத்தி வாயைத் திறந்தால் கம்பெனிக்கே ஆபத்து, எல்லாருக்கும் வேலை போய்விடும். வருஷத்துக்கு நாலு ஆடிட், அத்தனைக்கும் இதே பாடம். ஆபீசர் விசாரிக்க வந்திருக்கிறார் என்று அவள்தானே மெசேஜ் அனுப்பினாள்? அக்காவுக்கு ஆடிட் வந்துவிட்டது, அக்காவைக் காப்பாற்ற வேண்டும் என்று இந்தப் பாவிகள் முடிவு கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

அவளால் தாங்க முடியவில்லை. விதியாவது மண்ணாங்கட்டியாவது என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். “அடியே, உண்மையைச் சொல்லுங்கடி! பயப்படாம உண்மையைச் சொல்லுங்க!”

கத்தின பிறகுதான் தான் செய்த காரியம் அவளுக்கு உறைத்தது. எதிர்க் கம்பெனி எச்.ஆர். சதீஷ்குமார் ஒவ்வொரு ஆடிட்டிலும் வெளிநாட்டுக்காரன் பக்கத்தில் நின்றுகொண்டு இதே வார்த்தையைத்தான் சொல்வான். ‘பயப்படாம உண்மையைச் சொல்லுங்க.’ நேற்றுச் சொல்லிக் கொடுத்ததை மறந்துவிடாதே என்பதுதான் அதற்கு அர்த்தம். உள்ளே பத்துப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராமாயி மெதுவாகத் தலையை ஆட்டினாள். புரிஞ்சுருச்சுக்கா.

“மேடம், தயவுசெஞ்சு பேசாதீங்க,” என்றார் மயில்சாமி. அம்மிணி மேடமாகிவிட்டிருந்தாள்.

அவரும் விடவில்லை. வந்த காரியம் முடிந்தது என்று எழுந்துவிடாமல், கட்டைப்பையைப் பார்த்தார். “அதுல என்னங்க?”

“கட்டிங் வேஸ்ட்டுங்க சார்.”

மேலே பனியன் துண்டுகள் வழிந்துகொண்டிருந்தன. வாயிலிருந்து நூல் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு ஆளாக இருந்தால் கையை விட்டுப் பார்த்திருப்பான். மயில்சாமி பெண்பிள்ளைகள் பையைத் தொடுகிறவரா? “சரிங்க,” என்றார்.

அனுசுயா உள்ளே ஓடினாள். பையை ராமாயியின் கையிலிருந்து பிடுங்கித் தரையில் கவிழ்த்தாள். வெள்ளையும் நீலமுமாகத் துணித் துண்டுகள் கொட்டின. அதற்குப் பின்னால் புத்தகங்கள் சரிந்தன. முப்பது நாற்பது இருக்கும். அத்தனையிலும் நூலக முத்திரை. லைன் வீட்டில் இருந்ததை ஆள் விட்டு எடுத்தும், மெஷினுக்கு அடியிலும் டிபன் பையிலும் இருந்ததைப் பொறுக்கியும் அந்த அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் திரட்டி, ரகசியமாகப் பீரோவில் வைத்துவிடலாம் என்று கொண்டுவந்திருக்கிறார்கள்.

“பாருங்க சார்! இது யார்கிட்ட இருந்துச்சுன்னு கேளுங்க சார்!”

ராமாயியின் முகம் வெளுத்துவிட்டது. அக்கா பயத்தில் புத்தி தடுமாறி எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறாளே என்று நினைத்தாளோ என்னவோ, அனுசுயாவுக்கும் மயில்சாமிக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள்.

“சார், இது அக்கா படிக்கிற புக்குங்க சார். ஊட்டுல இருந்து எடுத்தாரச் சொல்லுச்சு, எடுத்தாந்தோம். எங்களுக்கு இதெல்லாம் எதுக்குங்க சார்? எங்களுக்கு எழுதப் படிக்கவே தெரியாதுங்களே!”

“ஒருத்தருக்குமேங்களா?”

“ஒருத்தருக்கும் தெரியாதுங்க சார்.”

மயில்சாமி ரொம்ப நேரம் ராமாயியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல்கூட இருந்தது. பிறகு எழுதினார். எழுதியதை அவள் பக்கம் நகர்த்தி, “படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க” என்றார். கடைசியாக ஒரு கதவைத் திறந்துவிட்டுப் பார்த்தார், பாவம்.

ராமாயி தாளைப் பார்த்தாள். அவள் கண் இடமிருந்து வலமாக வரி வரியாக ஓடுவதை அனுசுயா பார்த்தாள். படித்துவிட்டாள், முழுவதையும் படித்துவிட்டாள். ‘எங்களில் யாருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது, இந்நூலகத்தை நாங்கள் பயன்படுத்தியதில்லை.’ படித்து, அதில் தப்பில்லை என்று பார்த்துக்கொண்டு, மேசையில் இருந்த தேதி முத்திரையின் மைப்பெட்டியைத் தானே திறந்து, இடது கட்டைவிரலை அழுத்தி, தாளில் பதித்தாள். அவளுக்குப் பின்னால் ஒன்பது பேரும் வரிசையாக வந்தார்கள். அதில் ஒருத்தி காலேஜ் படித்தவள். எட்டுப் பேர் முடித்து அவள் முறை வந்தபோது பழக்க தோஷத்தில் பேனாவை எடுத்துவிட்டாள். பின்னால் நின்றவள் இடுப்பில் கிள்ளவும் கீழே வைத்தாள்.

ஹாரன் அடித்தது. பத்துப் பேரும் ரோட்டைத் தாண்டி ஓடினார்கள். கேட் மூடிக்கொண்டது.

“சார்! உங்களுக்குத் தெரியுதுல்ல சார்?”

“தெரியுதுங்க.”

“அப்புறம் என்ன சார்?”

“எனக்குத் தெரியறதை எழுத முடியாதுங்களே. அவங்க சொல்றதைத்தான் எழுத முடியுமுங்க. மறுபடியும் கூப்புட்டு மாத்திச் சொல்லச் சொன்னா, நீங்க சொல்லிக் குடுத்துச் சொன்ன மாதிரி ஆயிருமுங்க.” மயில்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பத்துப் பேரு கைநாட்டு வெச்சிருக்காங்க அம்மிணி. நான் என்ன பண்ணட்டுமுங்க?”

அதற்கு அனுசுயா சொன்னதை எல்லாம் இங்கே எழுத முடியாது. சுற்றறிக்கையை எழுதினவனில் ஆரம்பித்து, காலம் காலமாகக் கோடு போட்டவன், ஜாமீன் கேட்டவன், ஆடிட்டைக் கண்டுபிடித்தவன், அவனுக்குப் பொய் சொல்லப் பழக்கியவன் வரைக்கும் ஒருவரையும் விடவில்லை. மயில்சாமி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டார். நடுவில் ஒரு தடவை, “நாயந்தானுங்க” என்றார். அவள் மூச்சு வாங்கி நின்றதும் அறிக்கையைப் போனில் படமெடுத்து மேலே அனுப்பினார். பணியாளருக்கு அனுபவத் தகுதி நிறைவு பெறவில்லை. வாசகர்கள் இல்லாததால் நூலகத்தைக் கிளை நூலகத்துடன் இணைக்கலாம். ஒன்றாம் தேதிக்குள் சாவியை ஒப்படைக்கச் சொல்லிக் கடிதம் வரும் என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, “போயிட்டு வர்றேனுங்க” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அனுசுயா தரையில் கிடந்த பனியன் துண்டுகளை அள்ளிப் பையில் போட்டாள். புத்தகங்களை எடுத்து அடுக்கினாள். பதினான்கு பீரோவும் நிறைந்து இருந்தன. பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு நாளும் அவள் பார்த்ததில்லை. எப்போதும் பல் விழுந்த வாய் மாதிரி அங்கங்கே சந்து இருக்கும். ஒரு புத்தகம் பாக்கியில்லாமல் எல்லாம் உள்ளே இருந்த அந்த ஹாலைப் பார்க்க அவளுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு ஹாரன் அடித்ததும் ராமாயி டிபன் டப்பாவோடு வந்தாள். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“போயாச்சாக்கா?”

“போயாச்சு.”

“அப்பாடா!” ராமாயி உள்ளே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. “எப்படிக்கா, நல்லா பேசுனேனா? நீங்க பையக் கொட்டுனதும் எனக்கு உசுரே போயிருச்சு. ஏங்க்கா அப்படிப் பதறிட்டீக? எங்க கம்பெனி ஆடிட்ல கூட நான் இவ்வளவு சுளுவாச் சமாளிச்சதில்ல. இனி ஒரு வருசத்துக்கு உங்களை எவனும் ஒண்ணும் கேக்க முடியாது.”

அனுசுயா துண்டுத் துணி நிரம்பிய கட்டைப்பையை அவள் பக்கம் நகர்த்தினாள்.

“அக்கா, அந்த எக்ஸெல்லு புக்கு எங்க? அவசரத்துல அதையும் பையில போட்டுட்டேன். நாப்பது பக்கந்தான் பாக்கி. நேத்துலருந்து மண்டை காயுது, அந்தப் பிள்ளை என்ன ஆனான்னு.”

காலையிலிருந்து தேங்கி நின்ற எரிச்சல் அத்தனையும் அனுசுயாவின் வாய்க்கு வந்தது. “எழுத்துத் தெரியாதவளுக்கு எதுக்குடி புக்கு?”

ராமாயி வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள். “ஆளுதான் போயாச்சேக்கா! இன்னுமா?” என்று சொல்லிக்கொண்டே தானே போய், மூன்றாவது பீரோவில் தேடி, அந்தப் புத்தகத்தை எடுத்தாள். பீரோவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, வலது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே, இடது கையால் விட்ட பக்கத்தைப் புரட்டிப் பிடித்தாள்.

“ஹாரன் அடிக்கதுக்குள்ள முடிச்சிருவேன்.”

சொல்லிவிட வேண்டும் என்று அனுசுயா வாயைத் திறந்தாள். நீ காப்பாற்றவில்லை, நீதான் மூடினாய் என்று சொல்ல வேண்டும். ஒன்றாம் தேதிக்கு மேல் இந்தக் கதவு பூட்டியிருக்கும் என்று சொல்ல வேண்டும். ராமாயியின் உதடுகள் லேசாக அசைந்துகொண்டிருந்தன. கையிலிருந்த கவளத்தை வாயருகே கொண்டுபோய் அப்படியே மறந்திருந்தாள். அந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ, அவள் புருவம் சுருங்கியது.

அந்த நாற்பது பக்கத்தையாவது முடிக்கட்டும் என்று அனுசுயா வாயை மூடிக்கொண்டாள். ராமாயி இடது கட்டைவிரலால் அடுத்த பக்கத்தைத் தள்ளினாள். கழுவாத விரலில் மை வேர்வைக்கு மறுபடியும் ஈரமாகியிருந்தது. அவள் படித்து முடித்த ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் ஊதாவாக ஒரு ரேகை ஒட்டிக்கொண்டே போயிற்று.